பெயர் அழித்த பைனரியில் மிஞ்சுவது

ஹைதராபாத்தின் மாதாப்பூரில் ஒரு நான்காவது மாடி அலுவலகம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. விருதுநகர்க்காரரான அந்தப் பொறியாளர் ‘என்எம்’ என்ற கட்டளையைத் தட்டினார். ஒரே வரியில் பதில் வந்தது: சிம்பல் எதுவும் இல்லை.

“பாத்தீங்களா அண்ணே, பேரே இல்லைங்குது. எங்ககிட்ட வர்ற ஃபைல் முக்காவாசி இப்படித்தான். சோர்ஸ் தர மாட்டாங்க. இருக்கிற பேரையும் அழிச்சிட்டுத்தான் அனுப்புவாங்க. இங்கேருந்துதான் நாங்க வேலையை ஆரம்பிக்கணும்.”

வங்கிகளும் ஆலைகளும் விலைகொடுத்து வாங்கும் மென்பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்துச் சொல்லும் சிறு குழு ஒன்றில் அவர் வேலை செய்கிறார். தன் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கம்பைலர் தன் வேலையை முடித்துப் போன பிறகு பைனரிக்குள் என்னென்ன குறிப்புகளை விட்டுச் செல்கிறது, அவற்றில் எதை நம்பலாம் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் நான் ஹைதராபாத் வந்திருந்தேன். செகந்திராபாத்தில் ரயிலிலிருந்து இறங்கி மெட்ரோவின் நீலப் பாதையைப் பிடித்தால் ஹைடெக் சிட்டி வரை ஒரே வண்டி.

வாடிக்கையாளரின் கோப்பை எனக்குக் காட்ட முடியாது என்பதால், அவரே சி++ மொழியில் ஒரு சிறு நிரலை என் கண் முன்னே எழுதினார். ‘அக்கவுண்ட்’ என்று ஒரு கிளாஸ். பணம் போடுவதற்கு ஒரு ஃபங்ஷன், எடுப்பதற்கு ஒன்று, வட்டி கணக்கிட ஒரு சின்ன ஃபங்ஷன். இருப்பு போதாவிட்டால் ‘லோபேலன்ஸ்’ என்ற எக்செப்ஷனை எறியும். உபுண்டு 22.04இல் இருக்கும் ஜிசிசி 11.4.0 கம்பைலரிடம் இரண்டாம் நிலை மேம்படுத்தலோடு கொடுத்தார். வந்த பைனரியை ‘ஸ்ட்ரிப்’ செய்தார். பெயர்ப் பட்டியலும் டீபக் தகவலும் போய்விட்டன. அதற்குப் பிறகு ஓட்டிய என்எம்தான் கைவிரித்தது.

“இப்ப இதைப் பாருங்க” என்று ‘ரீட்எல்ஃப்’ கட்டளையைக் கொடுத்து, ‘ஈஎச் ஃபிரேம்’ என்ற பகுதியை விரித்தார். வரிசையாக முகவரிகள். ஒவ்வொரு பதிவிலும் ஒரு தொடக்க முகவரி, ஒரு முடிவு முகவரி. பெயர் அழிக்கப்பட்ட ஃபங்ஷன்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று அப்படியே எழுதி வைத்திருந்தது.

இந்தப் பட்டியல் அங்கே இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எக்செப்ஷன் எறியப்பட்டால் அதைப் பிடிக்கும் இடம் எங்கே என்று, அழைத்தவர், அவரை அழைத்தவர் என ஸ்டேக்கில் மேலே ஏறித் தேட வேண்டும். ஒவ்வொரு படியிலும் திரும்ப வேண்டிய முகவரி எங்கே இருக்கிறது, எந்த ரெஜிஸ்டர் எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்பது தெரிந்தால்தான் ஏற முடியும். அந்த விவரத்தைக் கம்பைலர்தான் எழுதித் தர வேண்டும். ஓடும்போதே தேவைப்படுகிற தகவல் என்பதால் ஸ்ட்ரிப் இதைத் தொடுவதில்லை. லினக்ஸில் 64 பிட் எக்ஸ்86 இயந்திரங்களுக்கு ஜிசிசி இதை இயல்பாகவே உண்டாக்குகிறது. எக்செப்ஷன் என்பதே இல்லாத சி நிரலிலும் இந்தப் பட்டியல் இருக்கும். விண்டோஸ் 64 பிட் பைனரிகளில் ‘பிடேட்டா’ என்ற பெயரில் இதன் உறவுக்காரர் ஒருவர் உண்டு.

ஃபங்ஷன் எங்கே தொடங்குகிறது என்பது இவ்வளவு பெரிய விஷயமா என்று வெளியாட்களுக்குத் தோன்றலாம். எக்ஸ்86இல் ஒரு கட்டளையின் நீளம் ஒரு பைட்டாகவும் இருக்கலாம், 15 பைட் வரையிலும் போகலாம். ஒரு பைட் தள்ளிப் படிக்கத் தொடங்கினால் முற்றிலும் வேறு கட்டளைகள் கிடைக்கும். அவையும் சரியானவை போலவே தோற்றமளிக்கும். இடையிடையே தரவும் கலந்து கிடக்கும். எது கட்டளை, எது தரவு என்று எல்லா நிரல்களுக்கும் தவறாமல் பிரித்துச் சொல்லும் பொது வழி கிடையாது என்பது கணினி அறிவியலில் நிரூபணமான ஒன்று. டிகம்பைல் செய்வது, பழுதான ஃபங்ஷனைத் தேடுவது, மூலநிரல் இல்லாமலே ஒட்டுப்போடுவது எல்லாமே இந்த எல்லைக்கோடுகளின் மேல்தான் நிற்கின்றன. முதல் கோடு பிசகினால் அடுத்து வரும் அத்தனையும் பிசகும். கீட்ரா, ஏங்கர் போன்ற கருவிகள் முதல் வேலையாக இந்தப் பட்டியலைத் தேடிப் போவதன் காரணம் இதுதான்.

ஆனால் பட்டியலை மூலநிரலோடு வைத்து எண்ணிப் பார்த்தபோது கணக்கு ஒத்துப்போகவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் தொடங்கியது.

வட்டி கணக்கிடும் ஃபங்ஷன் பட்டியலில் இல்லை. அதை ‘ஸ்டாட்டிக்’ என்று எழுதியிருந்தார். சின்னது என்பதால் கம்பைலர் அதை அழைத்த இடத்திலேயே கரைத்துவிட்டது. தனியாக அப்படி ஒன்று இருந்ததற்கான அடையாளமே மிஞ்சவில்லை. மறுபக்கம், பணம் எடுக்கும் ஃபங்ஷனுக்கு இரண்டு பதிவுகள் இருந்தன. எக்செப்ஷன் எறிவது அபூர்வம் என்று கம்பைலர் கணித்து, அந்த வரிகளை மட்டும் வெட்டியெடுத்து தூரத்தில் கொண்டுபோய் வைத்திருந்தது. அதைக் ‘கோல்டு’ பகுதி என்கிறார்கள். அடிக்கடி ஓடும் வரிகள் நெருக்கமாக இருந்தால் வேகம் கூடும் என்பதற்காகச் செய்வது. பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் கருவி, ஒரு ஃபங்ஷனை இரண்டாக எண்ணிவிடும். போதாக்குறைக்கு, நிரலைத் தொடங்கிவைக்கக் கம்பைலரோடு கூடவே வரும் சில சிறு ஃபங்ஷன்களுக்குப் பதிவே இல்லை. கையால் எழுதிய அசெம்பிளிக்கும், எழுதியவர் மெனக்கெட்டுச் சேர்க்காவிட்டால், இருக்காது.

“அப்ப இதை எப்படி நம்புறது?” என்று கேட்டேன்.

“முழுசா நம்பக்கூடாது. ஆனா அதுகிட்டயே இன்னொரு கேள்வி கேக்கலாம்.”

கோல்டு பகுதியின் பதிவுக்குள் போய் முதல் வரியைக் காட்டினார். ஒரு ஃபங்ஷன் உண்மையிலேயே ஓர் இடத்தில் தொடங்கினால், அந்தக் கணத்தில் அதன் பங்காக ஸ்டேக்கில் இருப்பது திரும்ப வேண்டிய முகவரி மட்டும்தான், 8 பைட். அவர் எழுதிய மற்ற ஃபங்ஷன்களின் பதிவுகள் 8 என்றே தொடங்கின. இது மட்டும் எடுத்த எடுப்பிலேயே 32 என்றது. ஏற்கெனவே பாதி ஓடிக்கொண்டிருந்த ஒன்றின் தொடர்ச்சி இது என்று பதிவே காட்டிக்கொடுத்துவிட்டது. ஸ்டேக்கின் உயரத்தைச் சொல்ல எழுதிய எண், ஃபங்ஷனின் உண்மையான தலையைக் கண்டுபிடிக்கவும் உதவுகிறது. எக்செப்ஷன் தகவலை ஃபங்ஷன் கண்டறிய எப்படிச் சரியாகப் பயன்படுத்துவது என்று 2021இல் டிஎஸ்என் மாநாட்டில் வந்த ஓர் ஆய்வு இந்த வகைப் பிழைகளையும் அவற்றைத் திருத்தும் வழிகளையும் விரிவாகப் பேசியது. இந்தக் குழு தன் கருவியை அதைப் படித்துத்தான் மாற்றிக்கொண்டதாம்.

அடுத்து எழுத்துகளைத் தேடும் கட்டளை. 10 என்ற எண்ணும் அதை ஒட்டியே ‘லோபேலன்ஸ்’ என்ற சொல்லும் வந்து விழுந்தன. பெயர் எல்லாம் அழிந்த பைனரியில், அவர் சூட்டிய பெயர்களில் இது மட்டும் உயிரோடு இருந்தது. எறிந்த எக்செப்ஷனும் பிடிக்கக் காத்திருக்கும் இடமும் ஒரே வகையைச் சேர்ந்தவையா என்று ஓடும்போது ஒப்பிட வேண்டும். அதற்காக வகையின் பெயரைக் கம்பைலர் தரவுப் பகுதியில் வைத்திருக்கிறது. முன்னால் நிற்கும் 10, ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் எழுத்து எண்ணிக்கை. பெரிய சி++ மென்பொருள்களில் இப்படிக் கிடைக்கும் வகைப் பெயர்களை மட்டும் வைத்தே, உள்ளே எந்த நூலகம் கலந்திருக்கிறது என்று பாதி சொல்லிவிடலாம் என்றார். கோ மொழியில் எழுதிய நிரல் இதைவிடத் தாராளம். பெயர்ப் பட்டியலை அழித்தாலும் ஃபங்ஷன் பெயர்கள் ஓடுநேர அட்டவணை ஒன்றில் தங்கிவிடும். எந்தெந்த மாட்யூல், எந்தப் பதிப்பு என்ற விவரமும் உள்ளேயே இருக்கும். 2022 மார்ச்சில் வந்த கோ 1.18 முதல், எந்த கமிட்டிலிருந்து கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. ரஸ்ட் நிரல்களில், கோளாறு நேர்ந்தால் காட்டுவதற்காக வைத்த செய்திகளுக்குள் நூலகத்தின் பெயரும் பதிப்பு எண்ணும் கோப்புப் பாதையாக ஒளிந்திருப்பது உண்டு.

மதியம் கீழே ஒரு மெஸ்ஸில் பப்பும் கோங்குரா பச்சடியும் சாப்பிட்டுக்கொண்டே, நான் மனதில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். கூடங்குளத்தைப் பற்றி.

2019 செப்டம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் ஒரு கணினிக்குள் மால்வேர் புகுந்தது தெரிந்தது. அக்டோபர் 29 அன்று நிலையத் தரப்பு மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்ட கணினி நிர்வாகப் பணிக்கானது, உலையின் முக்கிய வலையமைப்போடு அதற்கு இணைப்பு இல்லை என்றும் சொன்னது. ‘டிட்ராக்’ என்று அழைக்கப்படும் அந்த மால்வேரின் மாதிரி ஒன்றில், நிலையத்தின் பெயர்ச் சுருக்கத்தைத் தாங்கிய பயனர் கணக்கு விவரம் எழுத்தாகவே பதிந்திருந்தது. அதை வைத்துத்தான் வெளியில் இருந்தவர்கள் அந்த மாதிரியைக் கூடங்குளத்தோடு இணைத்தார்கள். தமிழ்நாட்டில் வாழ்பவனாக, அந்த வாரச் செய்திகளை நான் சாதாரணமாகப் படித்துக் கடக்கவில்லை. உலைக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தார்கள் என்ற கேள்விக்கு இணையாக, யார் என்ற கேள்வியும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

“அந்தப் பேரு மனுஷன் எழுதினது. அது ஒரு சாட்சி. கம்பைலர் எழுதினது வேற சாட்சி. ரெண்டையும் ஒரே தராசுல போடக்கூடாது” என்றார். மேலே போனதும் அதற்கான உதாரணத்தைத் திறந்தார்.

2018 பிப்ரவரி 9. தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா. வைஃபை முடங்கியது, இணையதளம் விழுந்தது, டிக்கெட் அச்சிட முடியவில்லை. ‘ஒலிம்பிக் டெஸ்ட்ராயர்’ என்று பெயரிடப்பட்ட மால்வேரின் வேலை. விண்டோஸ் நிரல்களைக் கோக்கும் மைக்ரோசாஃப்ட் லிங்கர், எந்தக் கம்பைலர் பதிப்பால் எத்தனை ஆப்ஜெக்ட் கோப்புகள் உண்டாயின என்ற கணக்கை, கோப்பின் தலைப் பகுதியில் சிறு புதிராக மறைத்து எழுதிவைக்கும். ‘ரிச் ஹெடர்’ என்பார்கள். மைக்ரோசாஃப்ட் இதை ஆவணப்படுத்தவில்லை. ஆய்வாளர்கள் தாங்களாகவே அவிழ்த்துப் படித்தார்கள். ஒலிம்பிக் டெஸ்ட்ராயரின் ஒரு மாதிரியில் இருந்த ரிச் ஹெடர், லாசரஸ் என்ற வடகொரியக் குழுவின் பழைய அழிப்பு நிரலில் இருந்ததோடு அச்சு அசலாக ஒத்துப்போனது. டிட்ராக்குக்குப் பின்னால் இருப்பதாகக் காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனம் பின்னாளில் சொன்னதும் இதே குழுவைத்தான். ஒலிம்பிக் விஷயத்திலும் வடகொரியா என்று முடிவு கட்டுவது எளிதாக இருந்தது.

காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் அங்கே நிற்காமல் இன்னொரு கேள்வி கேட்டார்கள். அந்தத் தலைப்பு, விஷுவல் சி++ 6 என்ற 1990களின் கம்பைலரால் கட்டியது என்று சொன்னது. நிரலின் உடலிலோ அந்தக் கம்பைலர் காலத்தில் இல்லாத, பின்னாளில் வந்த டாட்நெட் நூலகக் கோப்பின் பெயர் இருந்தது. தலைப்பும் உடலும் ஒன்றையொன்று மறுத்தன. யாரோ லாசரஸின் தலைப்பை வெட்டி எடுத்து இதன் மேல் ஒட்டியிருக்கிறார்கள் என்று 2018 மார்ச்சில் அறிவித்தார்கள். 2020 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறை, இந்தத் தாக்குதல் உள்ளிட்ட குற்றங்களுக்காக ரஷ்ய ராணுவ உளவுத்துறையின் ஆறு அதிகாரிகள் மீது வழக்குத் தொடுத்தது.

காலையில் பார்த்த ஈஎச் ஃபிரேமையும் இந்த ரிச் ஹெடரையும் அருகருகே வைத்தபோது எனக்கு விஷயம் பிடிபட்டது. ரிச் ஹெடர் இல்லாமலும் நிரல் ஓடும். அதில் பொய் எழுதினாலும் ஓடும். கம்பைலர் பதிப்பைச் சொல்லும் ‘காமெண்ட்’ பகுதியும் அப்படியே. டெபியன் தொகுப்புகளில் அதை வேண்டுமென்றே நீக்கிவிடுகிறார்கள், எந்த நிரலும் நின்றுபோகவில்லை. கட்டிய நேரத்தைக் காட்டும் முத்திரையும், டீபக் கோப்பின் பாதையும் இதே ரகம். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் மால்வேரின் ஒரு டிரைவரில் ‘மிர்டஸ்’, ‘குவாவா’ என்ற சொற்களோடு மிஞ்சியிருந்த ஒரு கோப்புப் பாதையை வைத்து எத்தனை கதைகள் கட்டினார்கள்! அந்தப் பாதை தற்செயலாக மிஞ்சியதா, படிக்கட்டும் என்று விட்டதா என்று பாதையை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. எக்செப்ஷன் எறியும் நிரலின் ஈஎச் ஃபிரேமோ வேறு சாதி. அதில் பொய் சொன்னால், எறிந்த எக்செப்ஷனைப் பிடிக்க முடியாமல் நிரல் அங்கேயே விழும். பொய்க்கு விலை உண்டு. ஒரு குறிப்பைப் பார்த்தால் இனி நான் முதலில் கேட்கப்போவது, இது பொய்யானால் நிரல் ஓடுமா என்பதைத்தான்.

இந்த அளவுகோலையும் அவர் அப்படியே ஏற்கவில்லை. எக்செப்ஷனே எறியாத நிரலில் அந்தப் பட்டியலை யாரும் புரட்டப்போவதில்லை. அங்கே பொய்க்கு விலை கிடையாது. தன்னை ஆராய்வார்கள் என்று எதிர்பார்க்கும் மால்வேர் எழுத்தாளர் அதைக் கலைத்துவைக்கலாம். அதைவிடக் கவலைக்குரிய இன்னொரு பக்கம் இருக்கிறது. இந்தப் பட்டியல் வெறும் அட்டவணை மட்டுமன்று. அதற்குள் டுவார்ஃப் என்ற சிறு கட்டளை மொழி இருக்கிறது. ஸ்டேக்கை எப்படிப் பிரிப்பது என்பதை அந்த மொழியில் நிரலாகவே எழுத முடியும். ஜேம்ஸ் ஓக்லியும் செர்கேய் பிராடஸும் 2011இல், இயந்திரக் கட்டளை ஒன்றைக்கூடச் சேர்க்காமல், இந்தத் தகவலை மட்டும் மாற்றி ஒரு பைனரிக்குள் டிரோஜன் வைக்கலாம் என்று காட்டினார்கள். கட்டளைப் பகுதியை மட்டும் சோதிக்கும் எந்தக் காவலும் அதைக் கவனித்திருக்காது.

2023 என்டிஎஸ்எஸ் மாநாட்டில் வந்த ஓர் ஆய்வு இன்னும் நேரடியாகத் தைத்தது. ஸ்டேக்கில் திரும்பும் முகவரியை யாராவது அழித்தெழுதினால் கண்டுபிடிக்க, ‘கேனரி’ என்ற காவல் மதிப்பைக் கம்பைலர் இடையில் வைக்கிறது. ஆனால் ஃபங்ஷன் சாதாரணமாகத் திரும்பும் வழியில்தான் அந்தக் காவல் சோதிக்கப்படுகிறது. எக்செப்ஷன் வழியாக வெளியேறினால் சோதனை நடப்பதில்லை என்று அந்த ஆய்வு காட்டியது. தாக்குபவர் திரும்பும் முகவரியை மாற்றிவிட்டு ஓர் எக்செப்ஷனை எறியச் செய்தால், ஸ்டேக்கில் ஏறும் நூலகம் மாற்றிய முகவரியை நம்பிப் பட்டியலைப் புரட்டி, வேறெங்கோ இருக்கும் பிடிக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும். ஆய்வாளருக்கு வழிகாட்டிய அதே பட்டியல், தாக்குபவருக்கும் அங்கே வழிகாட்டுகிறது. காலையில் அதை வியந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இதைக் கேட்டபின் அந்தப் பகுதியின் மேல் வேறு மரியாதை வந்தது.

மறுநாள் கந்திக்குப் போனேன். நகரைத் தாண்டி மேற்கே மும்பை நெடுஞ்சாலையில், சங்காரெட்டி மாவட்டத்தில் ஐஐடி ஹைதராபாத் வளாகம். 2008இல் எத்துமைலாரம் படைக்கலத் தொழிற்சாலை வளாகத்தில் தற்காலிகமாகத் தொடங்கி, பிறகு இங்கே வந்த நிறுவனம். ஜப்பானிய ஒத்துழைப்பில் எழுந்த கட்டடங்கள், வெயிலில் பரந்து கிடக்கும் நிலம். இங்கே பேராசிரியர் ராமகிருஷ்ண உபத்ரஸ்தாவின் கம்பைலர் ஆய்வுக் குழு இயங்குகிறது. எஸ். வெங்கடகீர்த்தி முதல் ஆசிரியராக இருந்து அந்தக் குழு வெளியிட்ட ‘ஐஆர்2வெக்’ என்ற ஆய்வு 2020இல் வந்தது. கம்பைலர் தனக்குள் வைத்துக்கொள்ளும் இடைநிலை வடிவத்தை எண்களாக்கும் முறை அது. உலகெங்கும் பயன்படும் எல்எல்விஎம் கம்பைலர் திட்டத்தின் மூலத்திலேயே 2025இல் அது இடம்பெற்றது. ஹைதராபாத்துக்கு வெளியே ஒரு கிராமத்தின் அருகில் இருந்து இது நடந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

நான் தேடி வந்தது அதன் தம்பியான ‘வெக்ஸ்ஐஆர்2வெக்’கை. ஓர் ஆய்வு மாணவர் வளாகத்தின் உணவகத்தில் மடிக்கணினியைத் திறந்து, வெளியாகியுள்ள ஆய்வுக் கட்டுரையை வைத்துக்கொண்டு நிதானமாக விளக்கினார். பிரச்சினை இதுதான். ஒரே மூலநிரலை ஜிசிசியிடம் கொடுத்தால் ஓர் உடல் வருகிறது, கிளாங்கிடம் கொடுத்தால் வேறு. மேம்படுத்தும் நிலையை மாற்றினால் இன்னொன்று. எக்ஸ்86க்குப் பதில் ஆர்ம் சிப் என்றால் கட்டளைகளே வேறு. 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழையுள்ள ஓபன்எஸ்எஸ்எல் நூலகம், ஒரு ரூட்டரின் ஃபர்ம்வேருக்குள் பெயர் இல்லாமல் கலந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அங்கே இருக்கிறதா என்று கேட்டால், இரண்டு வேறு உடல்கள் ஒரே மூலத்திலிருந்து வந்தவையா என்று சொல்லத் தெரிய வேண்டும்.

அவர்கள் செய்வது இப்படி. எந்தச் சிப்பின் கட்டளையானாலும் முதலில் ‘வெக்ஸ்’ என்ற பொது இடைநிலை மொழிக்கு மாற்றுகிறார்கள். வால்கிரைண்ட் கருவிக்காகப் பிறந்த மொழி அது. ஃபங்ஷனின் ஓட்ட வரைபடத்தில் அங்குமிங்கும் நடந்து சிறு சிறு துண்டுகளாக எடுக்கிறார்கள். ஒவ்வொரு துண்டையும் கம்பைலர் மேம்படுத்துவது போலவே மேம்படுத்தி, தேவையற்ற வேறுபாடுகளைக் களைகிறார்கள். பிறகு எண் வரிசைகளாக்கி, நரம்பணு வலையமைப்பு ஒன்றிடம் நெருக்கத்தை அளக்கக் கொடுக்கிறார்கள். ஏழு மென்பொருள் திட்டங்களை 12 கம்பைலர் பதிப்புகளால் எக்ஸ்86க்கும் ஆர்முக்கும் கட்டி, சுமார் 27 லட்சம் ஃபங்ஷன்களில் சோதித்திருக்கிறார்கள்.

மாதாப்பூரில் கம்பைலரின் கைரேகையைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். கந்தியில் அதே கைரேகையைத் துடைத்து, அடியில் இருக்கும் மனிதரின் எண்ணத்தைத் தேடுகிறார்கள். ஒலிம்பிக் டெஸ்ட்ராயர் கதையில் பொய்யை அம்பலப்படுத்தியது உடல்தான். 2019 செப்டம்பரில் காஸ்பர்ஸ்கி டிட்ராக்கை லாசரஸோடு சேர்த்ததும், தென்கொரியாவைத் தாக்கிய 2013ஆம் ஆண்டின் டார்க்சியோல் நிரல்களோடு அதன் உடல் ஒத்துப்போனதை வைத்துத்தான். ஒட்டிவைத்த தலைப்பை விட, ஆயிரக்கணக்கான கட்டளைகளின் போக்கைப் போலியாகச் செய்வது கடினம். அதற்காக உடல் ஒப்பீடு மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. துண்டெடுக்கத் தொடங்குவதற்கு முன்பே ஃபங்ஷன் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தாக வேண்டும். அதற்குத் திரும்பவும் ஈஎச் ஃபிரேம் போன்ற குறிப்புகளிடம்தான் கையேந்த வேண்டியிருக்கிறது. கோல்டு பகுதியைத் தனி ஃபங்ஷனாக எண்ணிவிட்டால், எவ்வளவு நுட்பமான வலையமைப்பும் அரை ஃபங்ஷனை முழு ஃபங்ஷனோடுதான் ஒப்பிடும்.

திரும்பும் வழியில் மாசாப் டேங்க் பக்கம் வண்டி போனது. வங்கித் தொழில்நுட்பத்துக்காக ரிசர்வ் வங்கி 1996இல் நிறுவிய ஐடிஆர்பிடி அங்கேதான் இருக்கிறது. கம்பைலர் விட்டுச்செல்லும் இந்தக் குறிப்புகளின் அருமை இந்தியாவில் அடுத்து உணரப்பட வேண்டிய இடம் வங்கியும் சந்தையும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மென்பொருளுக்குள் என்னென்ன உதிரிகள் இருக்கின்றன என்ற பட்டியலை, எஸ்பாம் என்பதை, எப்படித் தயாரிப்பது என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் வழிகாட்டி வெளியிட்டது. 2025 ஜூலையில் அதை விரிவாக்கியது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட இணையப் பாதுகாப்புக் கட்டமைப்பும் இந்தப் பட்டியலைக் கேட்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் விற்பவர் கொடுக்கும் பட்டியல் ஒரு தனி ஆவணம். வங்கியில் ஓடும் பைனரியும் அந்த ஆவணமும் ஒன்றைப் பற்றித்தான் பேசுகின்றனவா என்று யார் பார்ப்பது?

கம்பைலரும் லிங்கரும் இதற்குத் தேவையானதை ஏற்கெனவே தருகின்றன. லினக்ஸ் பைனரியில் ‘பில்டு ஐடி’ என்ற அடையாளம் இருக்கிறது. பெரும்பாலும் 40 இலக்க ஷா-1 எண். லிங்கர் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எழுதுவது. ஸ்ட்ரிப் செய்தாலும் மாறாது. அதனால் பெயர் அழித்த பைனரிக்கும், விற்பவரிடம் இருக்கும் முழு டீபக் கோப்புக்கும் ஜோடி சேர்க்க முடியும். விருதுநகர்க்காரரிடம், கொள்முதல் ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதச் சொல்வதென்ன என்று கேட்டிருந்தேன். தயங்காமல் சொன்னார். பில்டு ஐடியை நீக்காமல் அனுப்ப வேண்டும். உதிரிப் பட்டியல் அந்த ஐடியைக் குறிப்பிட்டே தயாராக வேண்டும். டீபக் கோப்பு வாங்குபவர் கைக்கு வராவிட்டாலும் மூன்றாம் நபரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். கோ, ரஸ்ட் நிரல்களில் உள்ளே பதியும் மாட்யூல், நூலக விவரங்களைத் துடைக்கக் கூடாது.

“அதோட, கேனரி மாதிரி எந்தெந்த ஹார்டனிங் ஆப்ஷன் போட்டு கட்டினீங்கன்னு எழுதிக் கேக்கணும் அண்ணே. எழுதினது பைனரியில இருக்கான்னு நாங்க பாத்துக்கறோம்.”

பில்டு ஐடியும் ரிச் ஹெடரைப் போல மாற்றி எழுதக்கூடியதுதானே என்றேன். ஆமாம் என்றார். அதனால்தான் டீபக் கோப்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்கிறார்: அதிலிருக்கும் ஃபங்ஷன் எல்லைகளையும் பைனரியின் ஈஎச் ஃபிரேமையும் எதிரெதிரே வைத்து வரிக்கு வரி சரிபார்க்கலாம். ஒரு நிரலுக்குப் பத்து நிமிட வேலை. தமிழ்நாட்டின் கூட்டுறவு வங்கிகளும் மின்வாரியமும் அடுத்த முறை மென்பொருள் வாங்கும்போது இந்தச் சில வரிகளை டெண்டரில் சேர்க்க முடியும். புதிய சட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கேட்டால் தருவதற்குத் தேவையான எல்லாமே விற்பவரின் கம்பைலரிடம் இன்றைக்கே இருக்கிறது.